பூட்டிய அறைக் கதை: வகுப்புக்கு எதை எடுப்பது?

மும்பை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் பாயிடம் ஒருமுறை ‘தி கலெக்டர்’ பன்னிரண்டு பிரதி கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யூபிஎஸ்சி கைடுகள் அடுக்கியிருந்த பக்கம் கையைக் காட்டினார். “அது இல்ல பாய், நாவல்” என்றேன். “கலெக்டரைப் பத்தி நாவலா?” என்று ஹிந்தியில் கேட்டார். கலெக்டரைப் பற்றி இல்லை, வண்ணத்துப்பூச்சி சேகரிக்கிற ஒருவன் ஒரு பெண்ணைக் கடத்திக்கொண்டுபோய் நிலவறையில் அடைத்துவைப்பதைப் பற்றி. இதை நடைபாதையில் நின்று ஹிந்தியில் விளக்கிப் பாருங்கள், தெரியும். பக்கத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்த அம்மாள் நகர்ந்து நின்றுகொண்டார்.

நான் வேலை பார்க்கும் கல்லூரி சயான் பக்கம். இறுதியாண்டு பி.ஏ. ஆங்கிலத்தில் கடைசிப் பருவத்துக்கு வெகுஜன இலக்கியம் என்று ஒரு விருப்பப் பாடம். அதில் உளவியல் திகில் ஒரு அலகு; ஒருவரை இன்னொருவர் ஆசையின் பெயரால் அடைத்துவைக்கும் நாவல் ஒன்றை முழுதாக நடத்த வேண்டும். பட்டியலில் மூன்று உண்டு: ஜான் ஃபௌல்ஸின் ‘தி கலெக்டர்’ (1963), ஸ்டீஃபன் கிங்கின் ‘மிசரி’ (1987), எம்மா டொனஹ்யூவின் ‘ரூம்’ (2010). எதை எடுப்பது என்பது நடத்துகிறவர் பாடு. நான் ‘மிசரி’யை இரண்டு முறையும், ‘ரூ’மை ஒரு முறையும், ‘கலெக்ட’ரை மூன்று முறையும் நடத்தியிருக்கிறேன்.

இந்த வருஷம் அந்தத் தாள் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த செம்பூர்ப் பெண்ணுக்குப் போயிருக்கிறது. மாணவர்கள் முன்னால் என்னை மேம் என்பாள். ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறந்துவிட்டால் அக்கா. “அக்கா, மூணுல எதை எடுக்கட்டும்? சுருக்கமா சொல்லுங்க” என்றாள். சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. ‘கலெக்ட’ரின் என் பிரதியைக் கொடுத்து முதலில் படி என்று அனுப்பிவிட்டேன். அவளிடம் சொன்னதும் சொல்லாமல் விட்டதுமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவள் படித்து முடிக்கும்வரை இதைக் காட்டப்போவதில்லை. கதை முடிவுகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு வகுப்பு 48 நிமிடம். காகிதத்தில் இந்த அலகுக்குப் பதினைந்து வகுப்பு. கல்லூரி விழா, விளையாட்டு நாள், மற்ற துறைத் தேர்வுப் பணி எல்லாம் போக பதினொன்று தேறினால் பெரிது. பதிவேட்டில் அறுபது பேர், பெஞ்சில் நாற்பது பேர். அதில் மூன்றில் ஒரு பங்கு தமிழ்ப் பிள்ளைகள்: தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் ஹிந்தி, பரீட்சைக்கு ஆங்கிலம். ஒரு முழு ஆங்கில நாவலைப் படித்து முடித்தவர்கள் எட்டுப் பேர் இருந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். ஆகவே இலக்கிய உலகம் எதைப் பெரிது என்கிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டேன். இந்த நாற்பது பேரோடு பதினோரு வகுப்பில் எதைப் படிக்க முடியும், படித்தபின் அவர்களிடம் என்ன மிஞ்சும் என்பதுதான் என் கணக்கு.

எல்லாரும் முதலில் கை வைப்பது ‘மிசரி’யில். காரணம் எளிது, அது ஓடும். பால் ஷெல்டன் என்ற எழுத்தாளர் கொலராடோ பனியில் காரோடு கவிழ்கிறார். கண் விழித்தால் ஒரு முன்னாள் நர்ஸின் வீட்டில் கால்கள் நொறுங்கிக் கிடக்கிறார். அந்த நர்ஸ் ஆனி வில்க்ஸ், அவருடைய தீவிர வாசகி. தன் அபிமானக் கதாநாயகி மிசரியைக் கடைசிப் புத்தகத்தில் அவர் சாகடித்துவிட்டார் என்று தெரிந்ததும் ஆனிக்கு வெறி பிடிக்கிறது. உயிரோடு கொண்டுவா, இன்னொரு புத்தகம் எழுது என்று டைப்ரைட்டரை முன்னால் வைக்கிறாள்.

இதை விளங்கவைக்க நான் கஷ்டப்படவே இல்லை. என் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் ஒருவரிடம் கொடுத்து பைண்டு செய்து வைப்பாள். ஒரு தொடரில் கதாநாயகியைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு மாதம் அந்தப் பத்திரிகையைக் கையால் தொடவில்லை. ஆசிரியருக்குக் கடிதம் எழுத அப்பாவிடம் இன்லண்ட் லெட்டர் வாங்கிவரச் சொன்னாள். இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் போதும், ஆனி யார் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அவர்கள் தலைமுறையில் சீரியல் நாயகியை மாற்றினால் கமென்டில் திட்டுகிறவர்கள் இருக்கிறார்களே.

அந்த டைப்ரைட்டரில் ‘என்’ எழுத்து உடைந்திருக்கும். நாவலுக்குள் பால் எழுதும் நாவலின் பக்கங்களில் அந்த எழுத்து விழும் இடமெல்லாம் ஓட்டை. பிறகு கையால் நிரப்பியதுபோல் அச்சிட்டிருப்பார்கள். போகப் போக இன்னும் சில எழுத்துகளும் உதிரும். இரண்டாவது முறை நடத்தியபோது ஒரு பையன் தன் அசைன்மென்டை முழுதும் ‘என்’ இல்லாமல் டைப் அடித்து, அத்தனை இடத்திலும் பேனாவால் எழுதிக் கொண்டுவந்தான். அதுவரை வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத பையன். எழுதுவதும் ஒரு சிறை, அதுவே தப்பிக்கும் வழியும் என்பதை ‘மிசரி’ அளவுக்குக் கையில் பிடித்துக் காட்டும் நாவல் மற்ற இரண்டும் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. இதில் அடைபட்டவர் ஆண். முதல் வாரம் சிரித்த பையன்கள், படுக்கையில் கிடந்து மாத்திரைக்காக ஒருத்தியின் கையை எதிர்பார்த்திருப்பது என்றால் என்ன என்று மூன்றாவது வாரம் வாயை மூடிக்கொண்டு படித்தார்கள்.

அப்படியானால் ஏன் கைவிட்டேன்? ஆனிதான் காரணம். அவளை நம் பக்கத்தில் கொண்டுவரவே முடியவில்லை. கெட்ட வார்த்தை பேசாத, குழந்தைத்தனமான வசவுகளைத் தானே செய்துகொண்டு பேசுகிற, தான் கொன்றவர்களைப் பற்றிய செய்தித் துணுக்குகளை ஆல்பமாக ஒட்டிவைத்திருக்கிற அந்தப் பெண்ணைப் பற்றி “மென்டல் மேம்” என்று இரண்டாவது வகுப்பிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பிறகு அடுத்து என்ன செய்வாள் என்ற ஆவல் மட்டும்தான். மனநோயும் வன்முறையும் ஒன்று என்ற பழைய பழக்கத்தைக் கலைக்க எனக்கு ஒரு வகுப்பு முழுதாகச் செலவானது. அது கலைந்ததா என்பதிலும் சந்தேகம்தான். போதைப் பழக்கத்தோடு தான் போராடிய காலத்தையே ஆனியாக எழுதியதாக கிங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னபோது வகுப்பு ஐந்து நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் மறுபடி கோடரிக்கே போய்விட்டது.

கோடரி என்றதும் ஒரு தகவல். 1990 படத்தில் ஆனி சம்மட்டியால் கணுக்காலை உடைக்கிறாள். அந்த வேடத்துக்குத்தான் கேத்தி பேட்ஸ் ஆஸ்கர் வாங்கினார். நாவலிலோ கோடரியால் பாதத்தையே வெட்டி, நெருப்பால் சுட்டு ரத்தத்தை நிறுத்துகிறாள். பரீட்சையில் நாற்பது விடைத்தாளில் பதினேழில் சம்மட்டி வந்தது. யார் படித்தார்கள், யார் பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

‘ரூம்’ வேறு ஜாதி. ஐந்து வயது ஜாக் சொல்கிற கதை. பத்தொன்பது வயதில் கடத்தப்பட்ட அவன் அம்மா ஏழு வருஷமாக ஒரே அறையில் இருக்கிறாள்; அவன் பிறந்ததே அங்கேதான். உலகம் என்றால் அந்த அறை, மேலே வானம் தெரியும் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். ஆஸ்திரியாவில் ஒரு தகப்பன் தன் மகளையே இருபத்துநான்கு வருஷம் நிலவறையில் வைத்திருந்த செய்தி 2008-இல் வெளிவந்தது. அந்தச் செய்திதான் தனக்குப் பொறி என்று டொனஹ்யூ சொல்லியிருக்கிறார். நாவல் 2010 புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது.

நடத்தத் தொடங்கிய அன்றே ஒரு வேடிக்கை. ஜாக் தன் அறையில் இருக்கும் சாமான்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்: ரக், பெட், வார்ட்ரோப். முன்னால் ‘தி’ போட மாட்டான். அவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு கட்டில்தானே இருக்கிறது. மூன்று வருஷமாக எங்கள் பிள்ளைகளின் விடைத்தாளில் விட்டுப்போன ‘தி’யை எல்லாம் சிவப்பு மையால் சொருகிக்கொண்டிருந்தவள் நான். “மேம், எங்களுக்கு மார்க் குறைச்சீங்க, இவனுக்கு புக்கரா?” என்றாள் ஒருத்தி. பதில் சொல்ல முடியவில்லை.

அந்த அறை பதினோரு அடிக்குப் பதினோரு அடி. அது எவ்வளவு சின்னது என்று காட்டலாம் என்று பியூனிடம் டேப் வாங்கி, பெஞ்சுகளை நகர்த்தி, தரையில் சாக்பீஸால் சதுரம் போட்டேன். கட்டில் இங்கே, அடுப்பு இங்கே, குளிக்கும் தொட்டி இங்கே. பிள்ளைகள் பதறுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தாராவியில் தொண்ணூறு அடி சாலைப் பக்கமிருந்து வரும் பையன் ஒருவன் சதுரத்துக்குள் போய் நின்றான். நான்கு பக்கமும் பார்த்தான். “எங்க கோலி இதைவிடச் சின்னது மேம். நாங்க ஆறு பேரு” என்றான். கோலி என்றால் அவர்களுடைய ஒற்றை அறை வீடு. ஏளனமில்லை, குறையுமில்லை. அளவு சொன்னான், அவ்வளவுதான். இன்னொருத்தி கணக்குப் போட்டாள்: 121 சதுர அடி. குடிசைகளை இடித்துக் கட்டிக்கொடுத்த பழைய எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தில் குடும்பத்துக்குக் கொடுத்த வீடே 225 சதுர அடிதானே.

எனக்குக் கை கால் ஓடவில்லை. மாட்டுங்காவில் இரண்டு பால்கனி வீட்டில் வளர்ந்தவள் போட்ட சதுரம் அது. சின்ன அறை என்றாலே திகில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மீதி நேரத்தில் அவர்களேதான் பாடம் நடத்தினார்கள். அறை சின்னதாக இருப்பதில் ஒன்றுமில்லை, கதவு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. எங்கள் கோலியில் கதவு ராத்திரி பதினொரு மணி வரை திறந்தே கிடக்கும், பக்கத்து வீட்டு அத்தை கேட்காமலே உள்ளே வந்து சர்க்கரை எடுத்துப் போவாள் என்றார்கள். நாவலில் அந்தக் கதவுக்கு எண் பூட்டு. அந்த எண் கடத்தியவனுக்கு மட்டும் தெரியும்.

‘ரூம்’ அவர்களைத் தொட்டது என்பதில் சந்தேகமில்லை. ராத்திரியில் ஓல்ட் நிக், அதாவது கடத்தியவன், வரும்போது ஜாக் அலமாரிக்குள் படுத்துக்கொண்டு கட்டில் எத்தனை முறை கிரீச்சிடுகிறது என்று எண்ணுவான். அவனுக்கு அது வெறும் எண்ணிக்கை. படிக்கிறவருக்கு அப்படி இல்லை. அந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்தபோது மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் நாவலின் பாதிக்குள் இருவரும் வெளியே வந்துவிடுகிறார்கள். மிச்சப் பாதி, வெளியே வந்தபின் வாழ்வது எப்படி என்பது. அருமையான பாதி, மனதுக்கு நெருக்கமான பாதியும் அதுதான். திகில் அலகுக்கு அது சற்று விலகிப் போகிறது. முக்கியமாக, அடைத்துவைத்தவன் மனதுக்குள் ஜாக்கால் போக முடியாது. ஆசை எப்படிப் பூட்டாக மாறுகிறது என்பதுதான் எனக்கு வேண்டிய விஷயம். ஓல்ட் நிக்கோ வாசலில் ஒரு நிழல். பள்ளியில் மேல்வகுப்புக்கோ, பெண்கள் கூடிப் படிக்கும் வாசிப்பு வட்டத்துக்கோ கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ‘ரூ’மைச் சொல்வேன்.

இனி ‘கலெக்டர்’. இதில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

ஃபிரெடரிக் க்ளெக் நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தா. அப்பா அம்மா இல்லை, அத்தை வளர்த்தவன். பொழுதுபோக்கு வண்ணத்துப்பூச்சி. மிராண்டா என்ற ஓவியக் கல்லூரி மாணவியைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான், பேசியதில்லை. கால்பந்து முடிவுகளைக் கணிக்கும் பந்தயத்தில் 73,091 பவுண்டு விழுகிறது. ஊருக்கு வெளியே நிலவறையோடு ஒரு பழைய வீடு வாங்குகிறான், ஒரு வேன் வாங்குகிறான், குளோரோஃபார்ம் வாங்குகிறான். எல்லாவற்றையும் அவனே நம்மிடம் சொல்கிறான், அலுவலகக் குறிப்பு எழுதுகிற மாதிரி தட்டையான, மரியாதையான மொழியில். அவளுக்கு அளவு பார்த்து உடை வாங்கியது, ஓவியப் புத்தகங்கள் வாங்கிவைத்தது எல்லாம் சொல்கிறான். அவளைக் கைதி என்று அவன் சொல்வதில்லை. அவனுக்கு அவள் விருந்தாளி.

முதல் பகுதி முழுக்க இந்தக் குரல்தான். இந்தக் குரலுக்கு எங்கள் பிள்ளைகள் மயங்குகிறார்கள், மூன்று வருஷமும் மயங்கினார்கள். “பாவம் மேம், யாருமே இல்லாதவன்.” “அவன் ஒண்ணும் தப்பா நடந்துக்கலையே.” இந்த இரண்டாவது வாக்கியம் வரும்வரை நான் வாயைத் திறப்பதில்லை. வந்ததும் கரும்பலகையில் அப்படியே எழுதிவைத்துவிடுவேன், அழிக்க மாட்டேன்.

ஏனென்றால் க்ளெக்குக்குத் தன்னைப் பற்றி இருக்கும் பெருமையே அதுதான்: நான் தொடவில்லை, மற்றவர்களாக இருந்தால் என்னென்னவோ செய்திருப்பார்கள், நான் மரியாதையாக நடத்தினேன். இந்த இடத்தில் கம்பனைக் கொண்டுவருவேன். வால்மீகியில் இராவணன் சீதையைப் பிடித்துத் தூக்குகிறான். கம்பன் அதை மாற்றுகிறான். விருப்பமில்லாதவளைத் தொட்டால் வரும் பிரமன் சாபத்தை நினைத்து, இராவணன் அவள் மேல் விரல் படாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். வீட்டில் பாட்டி இதைச் சொல்லும்போது ஆகா, தொடவில்லையே என்றுதான் நாங்களும் கேட்டோம். வகுப்பில் இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: “தொடலைன்னா? வீட்டையே தூக்கிட்டுப் போயிட்டானே மேம்.” க்ளெக் செய்ததும் அதேதான். மிராண்டாவின் காற்று, வெளிச்சம், தேதி, சாப்பாடு எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு, விரல் படவில்லை என்கிறான். பிறகு அந்த விரலும் எங்கெல்லாம் போகிறது என்பதை நாவலே காட்டுகிறது.

வருஷத்துக்கு ஒருவராவது “இது குணா கதைதானே மேம்?” என்று கேட்டுவிடுவார்கள். 1991 படம், இவர்கள் பிறப்பதற்கு முன்னால் வந்தது. ஆனால் 2024-இல் வந்த மலையாளப் படத்துக்குப் பிறகு அந்தக் கொடைக்கானல் குகை எல்லாருக்கும் தெரியும். நல்ல கேள்விதான், விடக்கூடாது. ‘குணா’வில் கடத்தியவனுக்காக நாம் அழுகிறோம்; கடத்தப்பட்டவளுக்கே மனம் இளகிவிடுகிறது. க்ளெக் காத்திருப்பதும் இதற்குத்தான்: என்னைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு இங்கே இருந்தால் போதும், தானாக இளகிவிடுவாள். நம் சினிமாவில் பாதி காதல் இந்த நம்பிக்கையில் ஓடுகிறது. துரத்தினால் மடங்கும், காத்திருந்தால் கனியும். இந்த நாவலில் கனியவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் அதிர்ச்சி. “அப்ப கடைசி வரைக்கும் லவ் பண்ணவே மாட்டாளா?” என்று ஏமாற்றத்தோடு கேட்ட பையனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மறைக்காமல் கேட்டான்.

இரண்டாவது பகுதி மிராண்டாவின் நாட்குறிப்பு, படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்து எழுதியது. முதல் பதிவில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். அக்டோபர் 14? அந்தக் கேள்விக்குறிக்கு நான் பத்து நிமிடம் கொடுப்பேன். கையில் இருக்கும் போனை எடுத்துப் பாருங்கள், தேதி தெரிகிறது. தேதி தெரியாத ஏழாவது ராத்திரியை நினைத்துப் பாருங்கள். பிறகு இரண்டு ஜெராக்ஸ் பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். நான்கு வாரத்தில் விட்டுவிடுகிறேன் என்று க்ளெக் கொடுத்த கெடுவின் கடைசி ராத்திரி: விருந்து, கல் பதித்த நெக்லஸ், கல்யாணம் செய்துகொள்கிறாயா என்ற கேள்வி, மறுத்ததும் குளோரோஃபார்ம். அவன் சொல்லும்போது அவள் நன்றி கெட்டவள். அவள் எழுதும்போது அதே சாப்பாட்டு மேஜை, அதே நெக்லஸ், ஆனால் வாசற்கதவு எத்தனை அடியில் இருக்கிறது என்ற கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ‘மிசரி’யிலும் ‘ரூ’மிலும் இந்த இரட்டைப் பக்கம் கிடையாது. நான் ‘கலெக்ட’ரைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முக்கால் காரணம் அந்த இரண்டு ஜெராக்ஸ்தான்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. மிராண்டாவை எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. டாக்டர் மகள். அவன் வாங்கிவைத்த அலங்காரப் பொருள்களை அசிங்கம் என்பாள், அவன் பேசும் விதத்தைக் கிண்டல் செய்வாள், ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தில் வரும் முரட்டு அடிமை கலிபனின் பெயரை அவனுக்கு வைப்பாள். “சவுத் பாம்பே சீன் போடுறா மேம்” என்றார்கள். பாந்த்ரா குர்லா வணிக வளாகமான பி.கே.சி. ஆபீஸ்களில் இன்டர்ன்ஷிப் போய், தங்கள் ஆங்கிலத்தைக் கேட்டு யாரோ உதட்டைச் சுழித்ததைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் இவர்கள். அந்தக் குத்தல் உண்மையானது, நாவலும் அதை மறைப்பதில்லை. பணம் வந்தபின்னும் க்ளெக்கை ஹோட்டலில் எப்படிப் பார்த்தார்கள் என்று அவன் மறக்கவே இல்லை. முதல் முறை நான் மிராண்டாவுக்கு வக்காலத்து வாங்கித் தோற்றேன். இரண்டாம் முறை விட்டுவிட்டேன். சரி, பிடிக்க வேண்டாம்; பிடிக்காதவளைப் பூட்டிவைக்கலாமா என்று மட்டும் கேட்டேன். அன்றைய 48 நிமிடம் எனக்கு அதிகம் வேலை வைக்கவில்லை. வைணவர்கள் இராமாயணத்தைச் ‘சிறையிருந்தவள் ஏற்றம்’ சொல்லும் நூல் என்பார்கள். பிள்ளை லோகாசாரியர் வார்த்தை. சீதையிடம் ஏற்றத்தைக் காண்பது நமக்குப் பழக்கம். குறையுள்ள, கர்வம் பிடித்த, சில நேரம் எரிச்சலூட்டும் ஒருத்தி சிறையிருந்தால்? பரீட்சையில் நான் வைக்கும் பெரிய கேள்வி இதுவே.

சட்டமும் வந்துவிடும். “பின்னாடி போறது குற்றமா மேம்?” என்று கேட்பார்கள். 2013 திருத்தத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி வந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 78. விருப்பமில்லை என்று அவள் காட்டியபிறகும் பின்தொடர்வது, அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பது இரண்டும் அதில் வரும். இரண்டாவதைச் சொன்னபோது வகுப்பில் பலர் குனிந்துகொண்டார்கள். அன்று வகுப்பு முடிந்து ஒரு பெண் பை ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே நின்றாள். எல்லாரும் போனதும், தன் லைவ் லொக்கேஷனை ஒருவன் எட்டு மாதமாக அணைக்க விடவில்லை என்றாள். கல்லூரி கவுன்சிலரிடம் கூட்டிப்போனேன். நாவல் நடத்துவதால் இப்படியும் நடக்கும், ஆயத்தமாக இருக்க வேண்டும். இப்போதெல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை யாருக்காவது சொந்த அனுபவமாகத் தோன்றினால், காரணம் சொல்லாமல் மாற்று அசைன்மென்ட் கேட்கலாம். இரண்டு பேர் கேட்டார்கள், கொடுத்தேன். முடிவை மட்டும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எதிர்ப்பும் வந்தது. துறைக் கூட்டத்தில் ஒருவர், 1980களில் கலிபோர்னியாவில் பெண்களைக் கடத்திக் கொன்றவன் தன் திட்டத்துக்கு மிராண்டாவின் பெயரைத்தான் வைத்திருந்தான், இதைப் போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்றார். செய்தி உண்மைதான். ஆனால் அந்த ஆள் படித்தது முதல் பகுதியை மட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாட்குறிப்பு அவன் காதில் விழவே இல்லை. அதனால்தான் ‘கலெக்ட’ரைப் பகுதி பகுதியாக வெட்டிப் பாடத் தொகுப்பில் போடும் யோசனைக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. முதல் நாற்பது பக்கத்தை மட்டும் கொடுத்தால் க்ளெக்குக்கு நாற்பது வக்கீல்களைத் தயார் செய்து அனுப்பியதாகிவிடும். முழுதாக நடத்த நேரமில்லை என்றால் ‘மிசரி’யை எடுங்கள், அதை வெட்டினாலும் பாதகமில்லை.

படம் போட்டுக் காட்டலாமா என்றும் கேட்பார்கள். 1965-இல் வில்லியம் வைலர் எடுத்த ‘கலெக்டர்’ நல்ல படம். ஆனால் அதில் கேமரா க்ளெக் வீட்டிலேயே சுற்றும். நாட்குறிப்பின் குரல் கிடையாது. நாவல் முடிந்தபின் ஒரு சனிக்கிழமை போடலாம், முன்னால் கூடாது. ‘ரூம்’ படம் 2015-இல் வந்தது, அதை எப்போது போட்டாலும் சேதமில்லை.

மொழிக் கடினம் என்று பார்த்தால் ‘மிசரி’ எளிது, ஆனால் தடி. ‘ரூம்’ பார்க்க எளிது, ஜாக்கின் இலக்கணம் பழக இரண்டு வகுப்பு. ‘கலெக்ட’ரில் க்ளெக் பகுதி எங்கள் பிள்ளைகளுக்குச் சரளமாகப் போகும், மிராண்டா பகுதியில் அறுபதுகளின் இங்கிலாந்து, அணுகுண்டு எதிர்ப்பு ஊர்வலம், அவளுடைய ஓவியர் நண்பரைப் பற்றிய நீளமான யோசனைகள் என்று தட்டும். அந்த ஓவியர் பக்கங்களில் பாதியை நான் வீட்டுப்பாடமாகத் தள்ளிவிடுகிறேன். ஃபௌல்ஸே ஆசிரியர் வேலை பார்த்தவர்தான், மன்னிப்பார்.

பிரதிகள் ஒரு தலைவலி. ‘மிசரி’யும் ‘ரூ’மும் நடைபாதையிலேயே கிடைக்கின்றன. ‘கலெக்டர்’ பன்னிரண்டுக்கு நான்குதான் கிடைத்தது, அதில் ஒன்றுக்குக் கடைசி இரண்டு பக்கம் இல்லை. அந்த இரண்டு பக்கத்தில்தான், மிராண்டா நிமோனியாவில் செத்தபின், டாக்டரைக் கூப்பிடாமல் அவளைச் சாகவிட்டவன், கடையில் வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணைப் பார்த்து வைத்திருப்பதைச் சொல்கிறான். அந்தப் பிரதி கிடைத்த பையன் மிராண்டாவின் சாவோடு கதை முடிந்தது, க்ளெக் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டு தேர்வெழுதினான். மார்க்கைக் குறைக்க மனம் வரவில்லை.

ஆக, பதினோரு வகுப்பு, நாற்பது பேர், முழு நாவல் என்றால் என் கை ‘கலெக்ட’ருக்குத்தான் போகும். ஏழு வகுப்பு என்றால் ‘மிசரி’. வரிசையையும் மாற்றக்கூடாது: க்ளெக் முதலில், அவனை நம்பவிட வேண்டும், நாட்குறிப்பு பிறகுதான்.

நேற்று மதியம் செம்பூர்க்காரி டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு புத்தகத்தைக் கவிழ்த்தாள். அறுபதாவது பக்கம் வாக்கில் இருப்பாள்.

“அக்கா, சொன்னா திட்டாதீங்க. எனக்கு இந்த க்ளெக்கைப் பார்த்தா கொஞ்சம் பாவமா இருக்கு. நானே இப்படின்னா பசங்க என்ன சொல்வாங்க?”

“ரசம் ஆறிடும், சாப்பிடு” என்றேன்.